நாலு வருடப் போனுக்கு பேட்டரி போதும். பணம் மிச்சமாகும் இடம் ரீசார்ஜ்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 2021 கடைசியில் 17,000 ரூபாய்க்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன், 6 ஜிபி ரேம், 128 ஜிபி மெமரி. காலையில் முழு சார்ஜ் போட்டால் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது, சில நேரம் 25 சதவீதத்திலேயே அணைந்துவிடுகிறது. கேமரா திறக்க நேரமாகிறது. செக்யூரிட்டி அப்டேட் 2024 கடைசியோடு நின்றுவிட்டது. 24,999 ரூபாய்க்கு ஒரு 5ஜி போனை 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். அதே கேள்வியில், வீட்டில் நாலு சிம், ஒரு பிராட்பேண்ட், கூகுள் ஸ்டோரேஜுக்கு 130 ரூபாய் என்று மாதச் செலவு கழுத்தைப் பிடிக்கிறது, குறைக்க வழி சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவு: போனை இப்போது மாற்றாதீர்கள். பேட்டரியை மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள். அந்த ஒரு வருடத்தில் ரீசார்ஜைச் சரிசெய்தால் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் மிச்சமாகும். அடுத்த போனுக்கு அதுவே பெரிய பங்கு. மொபைல் சர்வீஸ் டேபிளில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், "போன் போய்விட்டது" என்று வருபவர்களில் நிறையப் பேருக்குப் போயிருப்பது போன் இல்லை, பேட்டரிதான்.

இஎம்ஐ கணக்கைப் பார்ப்போம். 24,999-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 2,083. மாதச் செலவைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிற அதே மூச்சில் 2,083 ரூபாயைக் கூட்டிக்கொள்கிறீர்கள். "நோ காஸ்ட்" என்பதும் முழு உண்மை இல்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டியளவு தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும், பிராசசிங் கட்டணம் தனி. 15 சதவீத வட்டி என்று வைத்தால் இந்த விலைக்கு எல்லாம் சேர்ந்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய் கூடுதலாகப் போகும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கையில் காசு வைத்துக்கொண்டு கடையில் பேரம் பேசினால் கிடைக்கும் தள்ளுபடியும் இஎம்ஐயில் போய்விடும்.

இன்னொன்றை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை. 2024 ஜூலை விலையேற்றத்திலிருந்து ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் அன்லிமிடெட் 5ஜி பொதுவாக தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பேக்குக்குத்தான். 5ஜி போன் வந்ததும் "இதையும் அனுபவிப்போமே" என்று பேக்கும் பெரிதாகும். போன் மட்டும் மாறாது, மாதச் செலவும் மேலே ஏறும்.

சரி, பழைய போனுக்கு வருவோம். 25 சதவீதத்தில் அணைந்துவிடுகிறது என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தகவல். லித்தியம் பேட்டரி பொதுவாக 500 முறை முழுதாக ஏறி இறங்கும்போது அதன் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். தினம் ஒரு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடக் கணக்கு. நீங்கள் நாலு வருடம் தாண்டிவிட்டீர்கள். பேட்டரி கிழடானால் சார்ஜ் கொஞ்சமாகப் பிடிப்பது மட்டுமில்லை, உள்ளே மின்சாரம் பாய்வதற்கு இருக்கும் தடையும் ஏறும். கேமரா, பிளாஷ், வீடியோ கால் என்று போன் திடீரென்று அதிகம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழுகிறது. திரையில் 25 சதவீதம் காட்டினாலும் போன் அணைவது அதனால்தான். பைக் டேங்க் கவரில் போனை வெயிலில் வைத்து மேப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், சூட்டைப் போல பேட்டரியைத் தின்பது வேறில்லை.

உறுதி செய்துகொள்ள, டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்துப் பாருங்கள். எல்லா மாடலிலும் வராது, வந்தால் பேட்டரி தகவல் என்று ஒரு பக்கம் திறக்கும். சாம்சங் என்றால் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனை இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸ் உள்ளேயே பேட்டரி ஹெல்த் இருக்கிறது. இதெல்லாம் இல்லாவிட்டாலும், மேசையில் போனை மல்லாக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படி இருந்தால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பேட்டரியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றுவதே என் முதல் பரிந்துரை. உங்கள் ரகப் போனுக்குப் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடியும், முன்கூட்டியே போன் போட்டு விலையும் இருப்பும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் வெளிக்கடை. வெளிக்கடையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பழைய மாடலுக்கான பேட்டரி அலமாரியில் இரண்டு மூன்று வருடம் தூங்கியதாக இருக்கலாம். பயன்படுத்தாவிட்டாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகும். பேட்டரியின் மேல் தயாரித்த தேதி அச்சடித்திருந்தால் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதித்தால் நில்லுங்கள். நல்ல கைக்காரர் பின்மூடியை ஹீட்டரில் மிதமாகச் சூடாக்கி, உறிஞ்சு கப்பை ஒட்டித் தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரமாக ஓட்டி கம்மை அறுப்பார். பேட்டரியின் கனெக்டரை முதலில் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். ஒட்டியிருக்கும் பேட்டரியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர் என்றால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீ. மூடிய பிறகு அங்கேயே நின்று கைரேகை வேலை செய்கிறதா, ஒரு கால் போட்டு மைக், ஸ்பீக்கர் சரியா, வேகமான சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை திறந்த போனின் தண்ணீர்த் தடுப்பு பழையபடி இருக்காது, இனி மழையில் கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா திறக்க நேரமாவதற்குப் பேட்டரி மட்டும் காரணமில்லை. 128 ஜிபியில் உங்களுக்கு 5 ஜிபிதான் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மெமரி விளிம்பு வரை நிரம்பினால் எந்தப் போனும் திணறும். 20, 25 ஜிபி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதை எங்கே தேடுவது என்றால் வாட்ஸ்அப்பில். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால் எந்தக் குரூப் எத்தனை ஜிபி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். குடும்பக் குரூப்பும், பள்ளித் தோழர்கள் குரூப்பும்தான் மேலே இருக்கும். வேண்டிய படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, காலை வணக்க வீடியோக்களை மொத்தமாக அழியுங்கள். தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள்.

கூகுளுக்குக் கட்டும் 130 ரூபாயும் இங்கேதான் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகாது. 2024 முதல் அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனால்தான் திடீரென்று "இடம் நிரம்பிவிட்டது, மெயில் வராது" என்று பயமுறுத்தி, நீங்களும் பணம் கட்ட ஆரம்பித்தீர்கள். பேக்கப் அமைப்பில் வீடியோவையும் சேர் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அணைத்து, டிரைவில் பழைய பெரிய ஃபைல்களையும் அழித்தால் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு 1,560 ரூபாய் மிச்சம். யுபிஐ ஆப்பில், மாதாமாதம் தானாகப் பணம் கழிவதைக் காட்டும் ஆட்டோபே பகுதியையும் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு மாதம் இலவசம் என்று ஒப்புக்கொடுத்த ஓடிடி அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது செக்யூரிட்டி அப்டேட். என்னைப் பொறுத்தவரை போனின் ஆயுளை முடிவு செய்வது இதுதான், வேகமோ கேமராவோ இல்லை. அப்டேட் நின்ற போனில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். இதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை, அதனால்தான் ஒரு வருடம் என்கிறேன், மூன்று வருடம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் போன் வழியாகப் பணம் போகிற கதைகளைக் கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஃபைல்) ஆளே தன் கையால் இன்ஸ்டால் செய்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது நேற்று வாங்கிய போனிலும் நடக்கும். ஆகவே இந்த ஒரு வருடத்துக்கு மூன்று கட்டுப்பாடு. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் ஏற்றாதீர்கள். யுபிஐயை சம்பளக் கணக்கிலிருந்து எடுத்து, மாதச் செலவுப் பணம் மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கில் இணையுங்கள். ஆப்களையும், செட்டிங்ஸில் தனியாக இருக்கும் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்டையும் விடாமல் போடுங்கள்.

"வாட்ஸ்அப் நின்றுவிடுமாமே" என்று உங்கள் மனைவி பயந்ததாக எழுதியிருந்தீர்கள். 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் கைவிட்டது ஆண்ட்ராய்டு 4.4 போன்றவற்றைத்தான். உங்கள் போன் அதைவிடப் பல படி மேலே இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம்.

இனி ரீசார்ஜ். இங்கேதான் உண்மையான பணம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த கணக்கு: உங்கள் முதல் சிம் 349, உங்களுடைய இரண்டாவது சிம் 199, மனைவிக்கு 349, ஊரில் அப்பாவுக்கு 199. மொத்தம் 1,096. இதை நீங்கள் "மாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாதம் இல்லை, 28 நாள். வருடத்தில் 12 இல்லை, 13 ரீசார்ஜ். ஆக 14,248 ரூபாய். அந்தப் பதின்மூன்றாவது 1,096 யார் கண்ணிலும் படாமல் போகிறது. இந்தப் புகார் அதிகமானதால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் ஆப்பைத் திறந்ததும் முன்னால் நிற்பது இன்னமும் 28 நாள் பேக்தான்.

உங்கள் முதல் சிம்மில் தினம் 1.5 ஜிபி. வருடத்துக்கு 547 ஜிபி. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருக்கிறது என்கிறீர்கள். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் போன மாதம் எவ்வளவு போனது என்று பாருங்கள். உங்களைப் போல இரண்டு இடத்திலும் வைஃபை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஜிபிதான் வரும். அப்படியானால் வருடம் முழுவதற்கும் 30 ஜிபி டேட்டா, அளவில்லாத கால் என்ற மாதிரி 365 நாள் பேக் போதும். ஏர்டெல்லில் 2025-ல் அது 2,249 ரூபாயாக வந்தது. இப்போதைய விலையை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். 349-ஐ 13 முறை போட்டால் 4,537, ஆக மிச்சம் சுமார் 2,290. ரயிலில் வீடியோ பார்க்கிற பழக்கம் இருந்தால் முன்பே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இந்தப் பேக்கில் கவனம் தேவை.

மனைவி வேலை செய்யும் இடத்தில் வைஃபை இல்லை, அவருக்குத் தினசரி டேட்டா வேண்டும். அவருடைய பேக்கைக் குறைக்காதீர்கள், காலத்தை மட்டும் நீட்டுங்கள். அதே 1.5 ஜிபி, 2025 விலைப்படி 84 நாளுக்கு 859 என்ற கணக்கில் வருடத்துக்குச் சுமார் 3,733. 800 ரூபாய் மிச்சம், அவருக்கு எந்த இழப்பும் இல்லை.

அப்பா வைத்திருப்பது பட்டன் போன். 199 பேக்கில் இருக்கும் டேட்டாவை அவர் ஒருநாளும் தொடப்போவதில்லை. இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் தனியாக இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்று கொண்டுவந்தது. ஜியோவில் 84 நாளுக்கு 448. வருடப் பேக் போட்டுவிட்டால் 740 ரூபாய் அளவுக்கு மிச்சம். அதைவிட, ரீசார்ஜ் முடிந்தது தெரியாமல் அவருடைய போன் ஊமையாகக் கிடக்கும் நிலை வராது. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை நான் எப்போதும் முதலில் செய்யச் சொல்வேன்.

உங்கள் இரண்டாவது சிம்தான் பெரிய ஓட்டை. பழைய வங்கிக் கணக்கின் ஓடிபிக்காக மட்டும் வருடம் 2,587 ரூபாய். அந்த எண்ணை விட்டுவிடுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம், அப்போது உங்கள் ஓடிபி அவர் போனுக்குப் போகும். வங்கி, ஆதார், பிஎஃப், வருமான வரி, கேஸ் புக்கிங், இன்சூரன்ஸ், மெயிலின் பாஸ்வேர்டு மீட்பு எண் எல்லாவற்றிலும் முதல் சிம் எண்ணைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ரீசார்ஜை நிறுத்துங்கள். இந்த வேலைக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

சிம் நாலிலும் சேர்த்து சுமார் 6,400, கூகுள் 1,560. கிட்டத்தட்ட 8,000 வந்துவிட்டது. வருடப் பேக்குகளை ஒரே மாதத்தில் போட வேண்டாம், கையைக் கடிக்கும். இந்த மாதம் அப்பாவுக்கு, அடுத்த மாதம் உங்களுக்கு என்று தள்ளித் தள்ளிப் போடுங்கள். பிராட்பேண்ட் 499-உடன் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 589 ஆகிறது. ப்ரீபெய்டு விலையில் வரி அடங்கியிருக்கும், பிராட்பேண்டிலும் போஸ்ட்பெய்டிலும் தனியாக ஏறும் என்பதை ஒப்பிடும்போது மறக்காதீர்கள். உங்கள் பிராட்பேண்டை நான் தொடமாட்டேன், மற்ற மிச்சமெல்லாம் அதை நம்பித்தான் வருகிறது.

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுவதானால், போர்ட் (PORT) என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் புதிய கம்பெனியில் கொடுக்க வேண்டிய குறியீடு வரும், அது நாலு நாள் செல்லும். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், சிம்மை மாற்றி 7 நாள் ஆகாமல் இருந்தால் குறியீடு கிடைக்காது. போகிற கம்பெனியின் சிம் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, நீங்கள் அதிகம் பேசும் அறையில் நின்று ஒரு கால் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள். பிஎஸ்என்எல் விலையைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கும் இதையே சொல்வேன், ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு சிக்னல் மாறுகிறது.

ஒரு வருடத்துக்கு முன்பே போனை மாற்ற வேண்டி வரலாம். திரை உடைந்து காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) மாற்ற நாலாயிரம், ஐயாயிரம் கேட்டால் அந்தப் பணத்தை இந்தப் போனில் போடாதீர்கள். மதர்போர்டில் கோளாறு என்றால் அறவே வேண்டாம், சரிசெய்தாலும் நிற்காது. சார்ஜிங் பின், ஸ்பீக்கர் போன்ற சில நூறு ரூபாய் வேலைகளைத் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்த போன் வாங்கும்போது விலையை, செக்யூரிட்டி அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதால் வகுத்துப் பாருங்கள். 24,999 ரூபாய்ப் போனுக்கு மூன்று வருட அப்டேட்தான் மிச்சம் என்றால் வருடத்துக்கு 8,333. 18,000 ரூபாய்ப் போனுக்கு ஆறு வருடம் என்றால் வருடத்துக்கு 3,000, நடுவில் ஒரு பேட்டரி மாற்றினாலும் கொஞ்சம்தான் ஏறும். சாம்சங்கில் ஏ16 மாடலிலிருந்தே ஆறு வருடம் தருகிறார்கள், கூகுள் பிக்சல் 8 முதல் ஏழு வருடம். இந்த வருடக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தீபாவளிச் சலுகையில் பழைய மாடல் மலிவாகத் தெரிவதில் பாதி ரகசியம் இதுதான். ரேமைவிட மெமரிக்குக் கூடுதலாகக் கொடுங்கள், 256 ஜிபி எடுத்தால் இந்த இடப் பிரச்சினையே பல வருடத்துக்கு வராது. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியதால் போன் விலையும் ஏறுகிறது, காத்திருந்தால் ஓரிரு ஆயிரம் கூடலாம். அதற்குப் பயந்து இப்போதே கடன் வாங்க வேண்டியதில்லை, ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் கிடைக்கும் மிச்சம் அதைவிடப் பெரியது.

செகண்ட் ஹேண்ட் யோசித்தால் பில் இல்லாமல் தொடாதீர்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து ஓர் இடம் விட்டுச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

பழைய போனைக் கொடுக்கும் நாளில் வரிசை முக்கியம். வாட்ஸ்அப் பேக்கப் புதிய போனில் இறங்கிவிட்டதா என்று பார்த்து, வங்கி ஆப்களிலும் யுபிஐயிலும் பதிவை நீக்கி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அதற்குப் பிறகு ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். கணக்கை எடுக்காமல் ரீசெட் போட்டால் வாங்குபவரிடம் அது உங்கள் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு நிற்கலாம், அப்படி நின்றால் எக்ஸ்சேஞ்சிலும் எடுக்க மாட்டார்கள். சிம் தட்டை வெளியே இழுத்து மெமரி கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், சர்வீஸுக்கு வரும் பழைய போன்களில் யாரோ ஒருவர் வீட்டுப் படங்களோடு கார்டு இருப்பது இன்னமும் நடக்கிறது.